அரிசிச் சோறும் லைசினும்: மாத்திரை வாங்கும் முன் பருப்பைக் கணக்குப் பாருங்கள்

கேள்வி இது: “வீட்டில் எல்லோரும் சைவம், முட்டையும் கிடையாது. அரிசியில் லைசின் குறைவு என்று படித்தேன். லைசின் உடம்பில் என்னதான் செய்கிறது? எங்களுக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா? அம்மாவுக்கு அடிக்கடி உதட்டோரம் கொப்புளம் வருகிறது. அதற்கு 500 மில்லிகிராம் லைசின் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரிசியில் லைசின் குறைவு என்பது உண்மைதான். அந்தக் குறையை நிரப்புவது பருப்பும் பாலும். நம் வீடுகளில் பருப்பு இல்லாமல் இல்லை, போடும் அளவுதான் சிக்கல். மாத்திரையால் பெரிய பலன் இராது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

புரதம் கட்டப் பயன்படும் அமினோ அமிலங்கள் 20. அவற்றில் 9-ஐப் பெரியவர்களின் உடல் தானாகத் தயாரித்துக்கொள்ளாது, சாப்பாட்டில் வந்தாக வேண்டும். லைசின் அவற்றில் ஒன்று. மற்ற பல அமினோ அமிலங்களின் விஷயத்தில் உடலுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: எலும்புக்கூடு போன்ற கரிமப் பகுதி மட்டும் கிடைத்தால்கூட, வேறொன்றிடமிருந்து நைட்ரஜனை வாங்கி ஒட்டி முழு அமினோ அமிலமாக்கிக்கொள்ளும். லைசினுக்கும் திரியோனினுக்கும் அந்த வழி கிடையாது. முழுதாக வந்தால்தான் உண்டு.

லைசினின் தனித்தன்மை அதன் வாலில் இருக்கிறது. நான்கு கார்பன் நீளமுள்ள வளையும் வால், அதன் நுனியில் ஓர் அமினோ தொகுதி. புரதச் சங்கிலியில் லைசின் கோத்துக்கொண்ட பிறகும் அந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டு, நேர் மின்னேற்றத்தோடு, எதையாவது பிடிக்கத் தயாராக நிற்கும். லைசின் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கொக்கியால் நடப்பவை. சமையலில் லைசின் வீணாவதற்கும் அதே கொக்கிதான் காரணம்.

கொலாஜனை எடுத்துக்கொள்ளுங்கள். தோல், எலும்பு, தசைநாண், இரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் தாங்கும் புரதம் அது. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. முறுக்கினால் மட்டும் போதாது, இழைகளையும் கயிறுகளையும் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். அந்தத் தையல் விழுவது லைசின்களில். முதலில் சில லைசின்களில் ஆக்சிஜன் சேர்ந்து ஹைட்ராக்சி லைசின் ஆகின்றன. அதைச் செய்யும் நொதிக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் தேவை. பிறகு, தாமிரத்தை உள்ளே வைத்திருக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி லைசினின் வால் நுனியை ஆல்டிஹைடு என்ற எளிதில் ஒட்டும் தொகுதியாக மாற்றுகிறது. அந்த நுனி பக்கத்துச் சங்கிலியின் லைசினோடு இணைந்து குறுக்குப் பிணைப்பாகிறது. இரும்பு, வைட்டமின் சி, தாமிரம், லைசின் நான்கில் எது குறைந்தாலும் கயிறு தளரும். அலங்காரச் செடியான இனிப்புப் பட்டாணியின் விதையில் உள்ள ஒரு நச்சு இந்தத் தாமிர நொதியை முடக்கிவிடும். அதைத் தின்ற விலங்குகளுக்கு எலும்பு கோணி, பெருந்தமனி கிழிந்துபோகும். கேசரிப் பருப்பால் கால்கள் முடங்கிப்போவது வேறு நச்சினால் வருவது, நரம்பைத் தாக்குவது. இரண்டு செடிகளும் லாதைரஸ் என்ற பேரினம் என்பதால், அந்தப் பெயர் ஒற்றுமையால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்தது செல்லின் கரு. டி.என்.ஏ. எதிர் மின்னேற்றம் கொண்ட நூல். அதைச் சுருட்டி வைக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் லைசினும், அதைப் போலவே நேர் மின்னேற்றமுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் நிறைய. நேர் மின்னேற்றம் எதிர் மின்னேற்றத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் உருளையைச் சுற்றி சுமார் 147 படிகள் நீளமுள்ள டி.என்.ஏ. சுற்றியிருக்கும். ஒரு மரபணுவைப் படிக்க வேண்டும் என்றால், செல் அந்த லைசின் வால்களில் அசிட்டைல் தொகுதியை ஒட்டுகிறது. மின்னேற்றம் அணைந்து பிடி தளர்கிறது. வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுகிறது.

வேண்டாத புரதங்களை அழிக்கச் செல் ஒட்டும் ‘யுபிக்விட்டின்’ சீட்டும் லைசினில்தான் ஒட்டப்படுகிறது. இப்படிச் சீட்டு ஒட்டிப் புரதத்தை அழிக்கும் முறையைக் கண்டறிந்ததற்குத்தான் 2004-ல் வேதியியல் நோபல் பரிசு. கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சினில் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினாலைப் பிடித்து வைத்திருப்பதும் ஒரு லைசின்தான். நீண்ட கொழுப்பு அமிலங்களை, செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எடுத்துச் செல்லும் கார்னிட்டின், மூன்று மெத்தில் ஒட்டிய லைசினிலிருந்து உருவாகிறது.

மருத்துவத்தில் லைசின் தந்த பெரிய கொடை ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி, கட்டியில் உள்ள ஃபைப்ரின் என்ற இழைப் புரதத்தின் லைசின்களைப் பிடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கும். ஜப்பானில் ஷோசுகே ஒகமோட்டோ, உதாகோ ஒகமோட்டோ தம்பதியர் அந்தப் பிடியை அடைக்க லைசினைப் போன்ற மூலக்கூறுகளைத் தேடினார்கள். லைசினில் உள்ள இரண்டு அமினோ தொகுதிகளில் ஒன்றை நீக்கினால் கிடைக்கும் அமினோ கப்ராயிக் அமிலம் முதலில் வந்தது. அதைவிடப் பல மடங்கு வலிமையான டிரானெக்சாமிக் அமிலம் 1962-ல் வெளியானது. இன்று அதிக மாதவிடாய்ப் போக்குக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரை, விபத்திலும் பிரசவத்திலும் போடும் ஊசி அதுதான். சுமார் 20,000 பெண்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று, பிரசவத்துக்குப் பின் பெருக்கெடுக்கும் இரத்தப்போக்கில், குறிப்பாக 3 மணி நேரத்துக்குள் 1 கிராம் கொடுத்தால் இரத்தப்போக்கால் நேரும் இறப்பு குறைகிறது என்று காட்டியது. பிளாஸ்மினின் கண்ணில் அது ஒரு போலி லைசின். பிடித்துக்கொள்ளும், பிடித்த பிறகு கட்டியில் ஒட்ட வழியிருக்காது.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் ஆஸ்போர்னும் மெண்டலும் 1914-ல் எலிகளுக்குக் கோதுமையின் கிளையடின் என்ற புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் சாகவில்லை, வளரவும் இல்லை. குட்டி அளவிலேயே நின்றுவிட்டன. தீவனத்தில் லைசின் சேர்த்ததும் வளரத் தொடங்கின. தானியப் புரதத்தின் குறை எது என்று தெளிவாகத் தெரிந்தது அங்கேதான்.

கதம்பம் கட்டுகிறவரிடம் மல்லியும் கனகாம்பரமும் கூடை கூடையாக இருக்கலாம். முழத்துக்கு இத்தனை என்று வைத்துக் கட்டும் மரு என்ற வாசனைத் தழை தீர்ந்துபோனால் மாலை அந்த இடத்தில் நின்றுவிடும். மிச்சப் பூ வாடும். உடம்பிலும் அப்படித்தான். லைசின் தீர்ந்துவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் புரதம் கட்டுவது குறையும். மிச்சம் எரிக்கப்பட்டு, நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். அரிசி, கோதுமை, சோளம், கேழ்வரகு எல்லாவற்றிலும் முதலில் தீர்ந்துபோவது லைசின்தான்.

பெரியவருக்கு எவ்வளவு தேவை? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 1985-ல் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 மி.கி. என்றிருந்தது. அது உடலுக்குள் போகும் நைட்ரஜனையும் வெளியேறும் நைட்ரஜனையும் ஒப்பிடும் ஆய்வுகளை நம்பியது, அந்த முறை குறைத்தே காட்டும். ஐசோடோப் (அடையாளம் காணக்கூடிய அணு) கலந்த அமினோ அமிலத்தைக் கொடுத்து மூச்சுக்காற்றில் அளக்கும் முறை வந்த பிறகு, எண் இரண்டரை மடங்கானது. 2007 அறிக்கையில் அது 30 மி.கி. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாட் குழுவினர் இந்திய ஆண்களிடம் அளந்ததிலும் ஏறத்தாழ அதே அளவுதான் வந்தது. நீண்டகாலமாகச் சரியான ஊட்டமில்லாதவர்களிடம் அது 44 மி.கி. வரை உயர்ந்திருந்தது. குடல் புழுவுக்கு மருந்து கொடுத்த பிறகு குறைந்தது. குழந்தைக்குப் புழு மாத்திரை கொடுப்பது சாப்பாட்டில் உள்ள லைசினையும் காப்பாற்றுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

புரதத்தின் தரத்தைப் பார்க்க இன்னோர் அளவுகோல்: ஒரு கிராம் புரதத்தில் 45 மி.கி. லைசின் இருந்தால் பெரியவருக்குப் போதும். அரிசிப் புரதத்தில் சுமார் 36, கோதுமையிலும் கேழ்வரகிலும் சுமார் 27–28, சோளத்தில் அதைவிடக் குறைவு. துவரை, உளுந்து, பாசிப்பயறு, கடலைப்பருப்பு எல்லாம் 65–70. பாலில் 78 அளவில். முட்டையில் 70. ரகத்துக்கு ரகம் கொஞ்சம் ஏறும் இறங்கும். சமையலறைக் கணக்குக்கு இவை போதும்.

60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவை 1,800 மி.கி. நால்வர் உள்ள வீட்டில் சாம்பாருக்கு 80 கிராம் துவரம்பருப்பு போடுகிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 20 கிராம். அதில் புரதம் 4.4 கிராம், லைசின் 290 மி.கி. நாள் முழுவதுக்கும் ஒருவர் 350 கிராம் அரிசி (சமைக்காத எடை) சாப்பிட்டால் புரதம் 27 கிராம் சொச்சம், லைசின் 1,000 மி.கி.க்கு அருகில். கூட்டினால் 1,290. முழுவதும் செரிக்காது: அரிசியில் 100-க்கு 85 சொச்சம், பருப்பில் 75 போல என்று கழித்தால் கையில் நிற்பது 1,080 மி.கி. தேவையில் 60 சதவீதம். இரசமும் மோரும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. தெளிந்த இரசத்தில் பருப்பு இருப்பது பெயருக்குத்தான்.

அதே ஆள் 300 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, கால் லிட்டர் பால் அல்லது அந்தப் பாலில் உறைந்த தயிர் என்று மாற்றினால்: 850 + 860 + 620. செரிமானக் கழிவு போக 1,950-க்கு மேல் நிற்கும். வேலை முடிந்தது. கூடுதலாகப் போட்டது ஒரு கைப்பிடிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர்.

இட்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று போட்டால், 80 கிராம் அரிசியிலிருந்து 227 மி.கி., 20 கிராம் உளுந்திலிருந்து 304 மி.கி. லைசின். மொத்தப் புரதம் 11 கிராம் அளவு. ஒரு கிராம் புரதத்துக்கு 48 மி.கி.க்கு மேல் வருகிறது, 45 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது. உளுந்தில் குறைவான மெத்தியோனினை அரிசி தருகிறது, அரிசியில் குறைவான லைசினை உளுந்து தருகிறது. வெண்பொங்கலில் இரண்டுக்கு ஒன்று என்று பாசிப்பருப்பு போட்டால் 55-ஐத் தொடும். கெடுவது எங்கே என்றால், உளுந்து விலையேறும்போது ஆறுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்று குறைத்து, மென்மைக்கு அவலோ ஜவ்வரிசியோ சேர்ப்பதில். இட்லி பஞ்சு மாதிரி வரும், லைசின் வராது.

சர்க்கரை நோய் வந்ததும் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுகிறவர்கள் ‘கோதுமையில் புரதம் அதிகம்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். 100 கிராம் கோதுமை மாவில் புரதம் 10.5 கிராம், அரிசியில் 7.9. ஆனால் லைசின்? 10.5-ஐ 27-ஆல் பெருக்கினாலும் 7.9-ஐ 36-ஆல் பெருக்கினாலும் வருவது 284 மி.கி. அளவுதான். கூடுதல் புரதம் லைசின் கணக்கில் ஒன்றும் சேர்க்கவில்லை. சப்பாத்திக்கு உருளைக்கிழங்குக் குருமா என்றால் குறை அப்படியே நிற்கும். பாசிப்பயறு கடைசலோ கொண்டைக்கடலைக் குழம்போ வைத்தால் நிரம்பும்.

வேர்க்கடலையில் புரதம் நிறைய இருப்பதால் அதைப் பருப்புக்கு மாற்றாக நினைப்பது இன்னொரு பிழை. அதன் புரதத்தில் லைசின் 36 மி.கி. அளவுதான், அரிசியைப் போலவே. எள்ளும் அப்படித்தான். அளவுக்காக உதவும், விகிதத்தைத் தூக்காது. குழந்தைக்குச் சத்துமாவு அரைப்பவர்கள் ஏழெட்டுத் தானியங்களையும் பாதாம், முந்திரியையும் அள்ளிப் போட்டுவிட்டுப் பயறு வகையைக் கைப்பிடியோடு நிறுத்திவிடுகிறார்கள். தானியம் எத்தனை வகை என்பது இங்கே பொருட்டே இல்லை. தானியம் இரண்டு அல்லது மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு, அதுதான் கணக்கு. நாமக்கல்லில் கோழித் தீவனம் கலப்பவர்கள் மக்காச்சோளத்துக்குச் சோயாவையும் லைசின் தூளையும் நிறுத்துப் போடுகிறார்கள். குழந்தைக்கான மாவில் அந்தக் கவனம் இருந்தால் நல்லது.

பருப்பும் சோறும் ஒரே வேளையில் சேர வேண்டுமா என்று கேட்பார்கள். பெரியவர்களுக்கு ஒரே நாளில் சேர்ந்தால் போதும். தசைச் செல்களுக்குள் கட்டப்படாத லைசின் கொஞ்சம் இருப்பில் இருக்கும், அது சில மணி நேர இடைவெளியைத் தாங்கும். சிறு குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் கலந்து கொடுப்பதே மேல். அதன் வயிறு சிறியது, ஒரு வேளை போனால் ஈடுகட்ட இடமில்லை.

இனி வீணாகும் இடம். 1912-ல் மெயார்டு என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை இது: லைசினின் வால் நுனி, குளுக்கோஸ், லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளோடு சூட்டில் ஒட்டிக்கொள்ளும். நிறம் பழுப்பாகும், மணம் வரும், அந்த லைசின் உடலுக்கு உதவாது. பாலில் லாக்டோஸும் லைசினும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சுண்டச் சுண்டச் சிவக்கும் பால்கோவா இதற்கு நல்ல உதாரணம். ரஸ்க், பால் பிஸ்கட், வறண்ட சூட்டில் பொரிந்த காலை உணவுத் தானியங்கள் எல்லாம் இதே வழி. திறந்து வைத்த பால் பவுடர் வெயில் காலத்தில் பழுப்பேறினால், நிறம் மாறும் முன்பே லைசின் குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரத்தில் வேகவைப்பதில் இந்தப் பயம் தேவையில்லை. குக்கரில் வெந்த பருப்பிலும் ஆவியில் வெந்த இட்லியிலும் இழப்பு அற்பம். வெள்ளைச் சர்க்கரையும் நேரடியாக லைசினைப் பிடிக்காது. அமிலத்திலும் சூட்டிலும் அது உடைந்து குளுக்கோஸாகும்போதுதான் வினை தொடங்கும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் புரத அளவு இதைக் காட்டாது. அது நைட்ரஜனை அளந்து பெருக்கிய எண், கெட்டுப்போன லைசினும் அதற்குள் அடக்கம். வினைபுரியும் லைசினை மட்டும் தனியாக அளக்கும் முறையை கென்னத் கார்பென்டர் 1960-ல் வகுத்தார். தீவன ஆலைகளும் பால் பவுடர் ஆய்வகங்களும் அந்த வகை அளவைப் பார்க்கின்றன.

குறைந்தால் எப்படித் தெரியும்? வைட்டமின் சி குறைந்தால் ஈறு, வைட்டமின் ஏ குறைந்தால் பார்வை என்பதுபோல லைசினுக்கென்று தனி அடையாளம் கிடையாது. குழந்தையின் உயரம் மெதுவாக ஏறும், பெரியவரின் தசை கரையும், புண் ஆற நாளாகும். இவை பொதுவான புரதக் குறைவின் அறிகுறிகள், பத்துக் காரணங்களால் வரலாம். இரத்தத்தில் லைசின் அளவு பார்ப்பதால் சாப்பாட்டுக் குறை தெரியாது, அந்தச் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். ஒரு வாரம் சாப்பிடும் பருப்பையும் பாலையும் அளந்து எழுதிப் பாருங்கள், அதில் தெரிந்துவிடும். பசி எடுக்க என்று விற்கும் லைசின் டானிக்குகளின் லேபிளில் ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. என்று பார்த்து, ஒரு டம்ளர் பாலில் உள்ள 500 மி.கி.யோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் உதட்டுக் கொப்புளம்: அது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ். ஆய்வகத்தில் அந்த வைரஸ் வளர ஆர்ஜினின் தேவைப்பட்டது, லைசின் கூடினால் வளர்ச்சி குறைந்தது. இரண்டும் ஒரே வாசல் வழியாகச் செல்லுக்குள் நுழையப் போட்டி போடுபவை. அங்கிருந்து கிளம்பிய யோசனைதான் மாத்திரை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகள் முரண்பட்டவை. கொப்புளம் வராமல் தடுப்பது பற்றி மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு லைசினுக்குப் பலன் இருப்பதாகக் காணவில்லை. கூச்சமும் எரிச்சலும் தொடங்கிய அன்றே மருத்துவரிடம் கேட்டு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது பலன் தெரிந்த வழி. வெயிலில் போனால் வருகிறது என்றால் உதட்டுக்கு வெயில் தடுப்புப் பூச்சு உதவும். வருடத்துக்கு ஆறேழு முறைக்கு மேல் வந்தால் தடுப்பு மருந்து பற்றியும் கேட்கலாம்.

மாத்திரைக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் உள்ளே இருப்பது லைசின் ஹைட்ரோகுளோரைடு. அதில் எடையில் 80 சதவீதம்தான் லைசின். ஆகவே லேபிளில் 500 மி.கி. ஹைட்ரோகுளோரைடு என்றிருந்தால் கையில் வருவது 400 மி.கி., 30 கிராம் பருப்பில் இருப்பதைவிடக் குறைவு. பருப்போடு நார், இரும்பு, மற்ற அமினோ அமிலங்கள் எல்லாம் வரும்.

யாருக்கு எச்சரிக்கை வேண்டும் என்றால், முதலில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு. வடிகட்டப்பட்ட லைசினைத் திரும்ப உறிஞ்சுவது சிறுநீரக நுண்குழாய்களின் வேலை. நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளுக்கு லுட்டீசியம் கதிர்மருந்து கொடுக்கும்போது 25 கிராம் லைசினும் 25 கிராம் ஆர்ஜினினும் இரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். அந்தக் குழாய்கள் கதிர்மருந்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான். மருத்துவமனையில் கண்காணிப்போடு செய்வது அது. குமட்டலும் பொட்டாசியம் ஏற்றமும் வரும். கால்சியம் மாத்திரை அதிகம் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும், லைசின் குடலில் கால்சியம் உறிஞ்சப்படுவதைக் கூட்டும்.

அரிதாகச் சில குழந்தைகளுக்கு லைசினே பகை. குளுட்டாரிக் அசிடீமியா முதல் வகை என்ற பிறவிக் கோளாறில் லைசின் சிதையும் பாதை நடுவில் அடைபட்டு, குளுட்டாரிக் அமிலம் சேர்ந்து மூளையின் உட்பகுதியைக் கெடுக்கும். தலை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். காய்ச்சலோ வாந்தியோ வந்து குழந்தை சாப்பிடாமல் இருக்கும் ஓரிரு நாளில் சேதம் நிகழ்ந்துவிடும், ஏனென்றால் உடம்பு தன் தசையையே உடைத்து லைசினை வெளியே விடுகிறது. பிறந்தவுடன் செய்யும் இரத்தச் சோதனையில் கண்டுபிடித்து, லைசின் குறைத்த உணவும் கார்னிட்டினும் கொடுத்து, காய்ச்சல் நாட்களில் உடனே குளுக்கோஸ் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதே பாதையில் வேறோர் இடம் அடைபட்டால், தேங்கும் பொருள் வைட்டமின் பி6-ஐப் பிடித்து முடக்கிவிடும். பிறந்த சில நாட்களில் வலிப்பு மருந்துக்கு அடங்காத வலிப்பு வந்து, பி6 ஊசி போட்டதும் நின்றால், மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பருப்பைக் கூட்டுவது, குறைப்பது எதுவானாலும் வளர்சிதைமாற்ற நிபுணர் எழுதித் தரும் கிராம் கணக்குப்படிதான் செய்ய வேண்டும். மேலே சொன்ன பங்குகள் அங்கே பொருந்தாது.